விபத்தில்லா நாட்களும் ஒரு புரியாணியும்

இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிறவர்கள் இரண்டு வகையினர். ஒன்று வேகப்பந்து வீசுகிறவர்கள், மற்றது ஆடைத் தொழிற்சாலையின் நலன்புரிப் பிரிவில் இருந்தவர்கள். எனக்குப் பந்து வீசத் தெரியாது. சட்டம் படிக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனித் திரும்ப முடியாது. ஆகவே கன்ரீன் வாசலுக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன மேசையையும், ஒரு கால் கட்டையான கதிரையையும், புதிதாக வந்திருக்கிற உங்கள் இருவரிடமும் ஒப்படைக்கிறேன். கதிரைக் காலுக்குக் கீழே மடித்து வைத்திருக்கிற மட்டையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கணினியில் எது எங்கே இருக்கிறது என்று மற்றவர்கள் காட்டித் தருவார்கள். கணினிக்குள் இல்லாததைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. நீங்களும் தொழிலாளர்கள்தான். இந்த மேசைக்கு வருகிறவர்கள் இதை வேகமாக மறந்துவிடுகிறார்கள். நியமனக் கடிதத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டு, வந்த வாழ்த்துக்கெல்லாம் நன்றி சொல்லி முடித்த பிறகும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காத உத்தியோகத்தர்களை எனக்குத் தெரியும். வேலை நேரம், விடுப்பு, விலகுவதென்றால் எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் இன்று இரவே வாசியுங்கள். தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் சேமலாப நிதிக்குக் காசு கட்டுவோம் என்று யாராவது சொன்னால், நன்றாகச் சிரித்துவிட்டு, முதல் நாளிலிருந்தே என்று திருத்துங்கள். சண்டை தேவையில்லை. சிரிப்பு போதும், அநேகமாக.

அடுத்தது சுகக்காப்பு அட்டை, வைத்தியக் காப்புறுதிக்காகத் தருவது. பொதியிடும் பகுதியில் மல்லாவியிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். குடல்வால் அழற்சி என்று வவுனியாவில் தனியார் ஆஸ்பத்திரியொன்றில் சேர்த்துவிட்டார்கள். நான் போன் எடுத்தேன்.

“காட் எங்க பிள்ளை?”

“பத்திரமா இருக்கு மிஸ்.”

“எங்க பத்திரமா?”

“வீட்டில, அம்மான்ர அலுமாரிக்குள்ள.”

“ஆரையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லன்.”

“பூட்டிக் கிடக்கு மிஸ்.”

“திறப்பு?”

“அம்மாட்ட.”

“அம்மா எங்க?”

“இஞ்ச, எனக்குப் பக்கத்தில நிக்கிறா.”

பிறகு ஒரு தம்பி அந்தத் திறப்போடு மல்லாவிக்குப் போய் வந்த கதை தனி. அன்றிலிருந்து யார் அட்டை வாங்கினாலும் எனக்கு முன்னால் வைத்தே போனில் படம் எடுக்கச் சொல்லுவேன். அந்தப் படத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்பவும் வைப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

“அரசாங்க ஆஸ்பத்திரி சும்மாதானே மிஸ், பிறகென்னத்துக்குக் காப்பு?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. வெளியில் எடுக்கச் சொல்லுகிற ஸ்கானுக்கு, வெளியில் வாங்கச் சொல்லுகிற மருந்துக்கு என்று சொல்லுங்கள். அரசாங்க வாட்டில் படுத்திருக்கிற நாட்களுக்கும் எங்கள் காப்பில் ஒரு கொடுப்பனவு உண்டு. அநேகம் பேர் அதைக் கேட்பதே இல்லை, உண்டென்று தெரியாது. ஆனால் ஒன்றை மட்டும் குழப்பாமல் சொல்லிக் கொடுங்கள். காய்ச்சலும் குடல்வாலும் சுகக்காப்பின் கணக்கு. வேலையால் வந்த காயம் முதலாளியின் பொறுப்பு, அதற்குச் சட்டம் வேறு. இரண்டையும் ஒரே பைக்குள் போடக்கூடாது.

அது ஏன் என்று எனக்கு மூளையில் ஏறியது புத்தகத்தால் அல்ல, புரியாணியால்.

வாசலில் பச்சைப் பலகை ஒன்று தொங்குகிறதே, ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று, வரும்போது பார்த்திருப்பீர்கள். காவலாளி ஐயா தினமும் காலையில் இலக்கத்தை மாற்றுவார். குறித்த இலக்கத்தைத் தொட்டால் தொழிற்சாலை முழுவதற்கும் புரியாணி. கோழிக்கால், முட்டை, கத்தரிக்காய்ப் பிரட்டல் எல்லாம் உண்டு. அன்றைய உற்பத்தி இலக்கு எவ்வளவு என்று கேட்டால் தலையைச் சொறிகிற பிள்ளைகள்கூட, புரியாணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் பட்டென்று சொல்லுவார்கள்.

புரியாணி நெருங்கியிருந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. அயன் பகுதியில் கிருஷாந் என்றொரு பொடியன், இருபத்திரண்டு வயது, நல்ல வேலைக்காரன். அவன் குனிந்து ஒரு சேட்டின் கொலரை மடிக்கும்போது நீராவிக் குழாயின் மூட்டு கழன்று சீறிவிட்டது. இடது கை வெந்துபோனது. அந்தப் பகுதியின் சுப்பவைசர் செல்வம் அண்ணை அவனைத் தொழிற்சாலை வான் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிட்டார். நான் வங்கி வேலையாக வெளியில் நின்றேன். போன் வந்தது, ஸ்கூட்டியைத் திருப்பினேன்.

வாட்டு வாசலில் செல்வம் அண்ணை நின்றார், கையில் ஒரு பை தோடம்பழத்துடன்.

“ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மிஸ். எல்லாம் சரிப்பண்ணிட்டன்.”

“எதைச் சரிப்பண்ணினியள்?”

“வீட்டில சுடுதண்ணி ஊத்துண்டது எண்டு சொல்லியாச்சு.”

“ஆர் சொன்னது?”

“அவன்தான். வானுக்குள்ள வைச்சு நான் சொல்லிக் குடுத்தனான். பொடியன் கெட்டிக்காரன், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னவன்.”

அவருக்கு அதில் உண்மையிலேயே பெருமை. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காயத்தோடு வந்தால் எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்பார், பிறகு ஆஸ்பத்திரிப் பொலிஸ் வந்து வாக்குமூலம் எடுக்கும். சீருடையோடு ஒருவர் கொப்பியைத் திறந்து, எங்கே, எப்போது, கூட யார் நின்றது என்று கேட்டால், ஆகக் குறைந்த சொற்களில் பதில் சொல்லி அனுப்பிவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். யுத்த காலத்தில் அந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வீட்டில் நடந்தது. சைக்கிளால் விழுந்தது. ஆஸ்பத்திரிகளில் எழுதியிருப்பதை நம்பினால், வன்னியில் சைக்கிளால் விழாத மனிதரே இல்லை.

உள்ளே கிருஷாந் படுத்திருந்தான். கையில் பெரிய கட்டு. பக்கத்தில் அவனுடைய அம்மா. சிறுவயதில் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம், அவரின் பேச்சில் இன்னும் அந்த ஊர் இருக்கும். அன்றைக்கு வயலுக்குப் போன உடுப்போடேயே ஓடி வந்திருந்தார்.

நான் கட்டில் ஓரத்தில் நின்று சட்டத்தை அவிழ்த்துவிட்டேன். வேலையிடத்துக் காயம் என்றால் வைத்தியச் செலவு யாருடையது, வீட்டில் நிற்கிற நாட்களுக்குச் சம்பளம் எப்படி, விரல்கள் முழுதாக மடங்காமல் போனால் நட்டஈடு எப்படி, வீட்டில் நடந்தது என்று பதிந்தால் இவ்வளவும் எப்படிக் கைவிட்டுப் போகும். மூச்சு விடாமல் சொன்னேன்.

“விடுங்கோ அக்கா. கை மாறீடும்” என்றான் கிருஷாந்.

“வேல போயிருமே மிஸ்” என்றார் அம்மா. “பொலிசு, கோர்ட்டுன்னு அலைஞ்சா யாரு இவன மறுபடி வேலைக்கு எடுப்பா?”

“பாத்தியளே, அவையளே வேண்டாம் எண்டினம்” என்றார் செல்வம் அண்ணை பின்னாலிருந்து. ஒரு தோடம்பழத்தை வேறு உரிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மனேஜரின் அழைப்பு. வெளியில் போய் எடுத்தேன்.

“வீட்டில நடந்ததாமே? அப்ப பலகையை மாத்தத் தேவையில்லைத்தானே?”

“சேர், அவன் எங்கட வானில வந்தவன்.”

“நாங்கள் உதவிக்குக் கொண்டுபோய் விட்டது எண்டு வையும்.”

“வேலை நேரத்தில, எங்கட யூனிபோர்ம் சேட்டோட, கழுத்தில எங்கட அடையாள அட்டையும் போட்டுக்கொண்டு, வீட்டில சுடுதண்ணி வைச்சுக்கொண்டு நிண்டவனோ சேர்?”

“என்ன செய்யிறதெண்டு நீரே யோசியும்” என்று போனை வைத்துவிட்டார். இந்த வசனத்தை நீங்களும் பலமுறை கேட்பீர்கள். பிழைத்தால் யோசித்தது நீங்கள், சரிவந்தால் சொன்னது அவர். கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

திரும்பி உள்ளே வந்தேன். இன்னும் நாலு சட்டப் பிரிவுகளை வாய்க்குள் அடுக்கிக்கொண்டுதான் வந்தேன். கிருஷாந் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன். இரவு முழுக்க வொலிபோல் மட்ச்சுக்கு நின்று கத்தினவனின் குரல் போல இருந்தது அவனுடைய குரல்.

“உன்ர தொண்டைக்கு என்ன?”

“தெரியேல்லை அக்கா. காலமை நல்லாத்தான் இருந்தது.” இருமினான். உதட்டைச் சுற்றிச் சிவந்திருந்தது.

அதற்கு முந்தின வருடம் முதலுதவிப் பயிற்சிக்கு எங்களை அனுப்பியிருந்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதுதான் அதில் எனக்கு மிஞ்சிய ஞாபகம் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு விசயம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. நீராவி முகத்துக்கு நேரே அடித்தால் அதை மூச்சோடு உள்ளே இழுத்திருப்பார்கள். தொண்டை உடனே வீங்காது, கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும், முதலில் குரல் மாறும், பிறகு மூச்சு அடைக்கும். கையில் சுடுதண்ணீர் பட்டவனின் தொண்டையை எந்த டொக்டரும் திறந்து பார்க்கப் போவதில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அவருக்குச் சொல்லப்பட்டது சுடுதண்ணீர்.

அவனிடம் அனுமதி கேட்பதா? கேட்டால் வேண்டாம் என்பான். அம்மா அழுவார், செல்வம் அண்ணை குறுக்கே விழுவார், அந்தப் பேச்சு முடியும்போது நேரம் போயிருக்கும். நான் கேட்கவில்லை. நேரே மேசைக்குப் போனேன், அங்கே எழுதிக்கொண்டிருந்த இளம் டொக்டருக்கு முன்னால் நின்றேன்.

“டொக்டர், கிருஷாந்துக்கு வீட்டில நடக்கேல்லை. தொழிற்சாலையில, குழாய் கழண்டு, அழுத்தத்தோட வந்த நீராவி. முகத்துக்குக் கிட்ட. அவன்ர குரல் மாறிக்கொண்டு வருது.”

அவர் எழுதிய வரியை முடிக்கவில்லை. எழுந்து வந்தார், டோர்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், மிஸ்ஸியைக் கூப்பிட்டார். தாதியை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். ஒட்சிசன் வந்தது, கட்டில் தாதியரின் மேசைக்குப் பக்கத்துக்கு நகர்ந்தது, தொண்டை வைத்தியருக்கு அழைப்புப் போனது. எல்லாம் நான் ஸ்கூட்டித் திறப்பைப் பைக்குள் போடும் நேரத்துக்குள்.

“ஏன் இதை முதலே சொல்லேல்லை?” என்று டொக்டர் எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

தொண்டை வைத்தியர் வந்து பார்த்தார். உள்ளே வீக்கம் இருக்கிறது, இன்னும் அடைக்கவில்லை, மருந்து போட்டுக் கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்ப்போம், இதோடு வீட்டுக்குப் போயிருந்தால் கதை வேறு என்றார். அவர் போன பிறகுதான் அம்மாவுக்குப் பேச்சு வந்தது.

“யாருக்காகடா பொய் சொன்ன? சொல்லுடா.”

கிருஷாந் ஒட்சிசன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான். “புரியாணி அம்மா.”

“என்னது?”

“எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம். என்னால கெட்டது எண்டால் பிறகு நான் எப்பிடி லைனில போய் நிக்கிறது?”

அம்மா அவனையே பார்த்தார். “நாசமாப் போன புரியாணி! கேட்டா நான் ஆக்கித் தரமாட்டேனாடா?” என்று கத்திவிட்டு அழத் தொடங்கினார். முகமூடியைச் சரிசெய்ய வந்த மிஸ்ஸிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செல்வம் அண்ணை பாதி உரித்த தோடம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் கிடந்த வாங்கில் இருந்துவிட்டார்.

“அந்தக் குழாய் கசியுது எண்டு நான் ரெண்டு தரம் சொன்னனான் மிஸ்” என்றார் மெல்ல. “துணியைச் சுத்திக் கட்டிப்போட்டு ஓட்டச் சொன்னவை. நானும் ஓட்டினனான்.”

“அதை என்னட்டச் சொல்லி என்ன அண்ணை? கேக்கிற ஆக்களிட்டச் சொல்லுங்கோ.”

கிருஷாந்திடம் போனேன். அவன் என்னைப் பார்க்காமல் முகட்டைப் பார்த்தான். கோபம்தான், எனக்கு விளங்கியது.

“டொக்டரிட்ட உன்னைக் கேக்காமல் சொன்னனான். அது உன்ர மூச்சுக்காக, அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டன். பொலிஸ் வந்தால் சொல்லுறது உன்ர வாய். நான் பக்கத்தில நிப்பன், ஒரு சொல் கதைக்கமாட்டன்.”

எனக்கு ஒரு சொல் கதைக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த நேரத்துக்கு உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பொலிஸ்காரர் மத்தியானத்துக்கு முன் வந்தார். களைத்த மனிதர், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பெயர், ஊர், வயது. பிறகு, எங்கே நடந்தது?

கிருஷாந் செல்வம் அண்ணையைப் பார்த்தான். செல்வம் அண்ணை தோடம்பழத்தைப் பார்த்தார். அம்மா அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“வேலையில” என்றான். கரகரத்த குரல், ஆனால் விளங்கியது.

“யாரும் பார்த்ததா?”

செல்வம் அண்ணை எழும்பினார். “நான் பக்கத்தில நிண்டனான். என்ர பேரையும் எழுதுங்கோ.”

அடுத்த நாள் காலை காவலாளி ஐயா பலகையில் பூச்சியம் போட்டார். கன்ரீனில் ஒரு கிழமை யாரும் எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை. “எங்கட புரியாணியை மிஸ் தனியத் திண்டிட்டா” என்று தையல் லைனில் ஒருத்தி எனக்குக் கேட்கத்தான் சொன்னாள். நான் தொண்டைக் கதையைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப புரியாணி வந்திருந்தாலும் அவனால விழுங்கியிருக்கேலாது என்ன” என்றாள். அது மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மனேஜர் அறிக்கையில் கையெழுத்து வைத்தார், முகத்தைத் தூக்கிக்கொண்டுதான். குழாய்கள் மாற்றப்பட்டன. அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு வாசலில் ஒரு பலகை தொங்குகிற மாதிரி அவருக்குக் கொழும்புத் தலைமையகத்தில் ஒன்று தொங்குகிறது. கிருஷாந்தின் தொண்டை சில நாட்களில் சுகமானது. கைக்குத்தான் மாதக்கணக்கில் எடுத்தது, இரண்டு விரல்கள் இப்போதும் முழுதாக மடங்காது. வைத்தியச் செலவும் விடுப்புச் சம்பளமும் கிடைத்தன. நட்டஈட்டுக்காகத் தொழில் திணைக்களக் கந்தோர்ப் படிகளை நானும் அம்மாவும் நன்றாகத் தேய்த்தோம், அதுவும் வந்தது. அவன் அன்றைக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லியிராவிட்டால் இதில் ஒன்றும் இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு என்ன? சட்டம் தெரிந்திருப்பது நல்லது, ஆனால் காயப்பட்டவனுக்கு முன்னால் போய் நின்றதும் அதை அவிழ்க்காதீர்கள். முதலில் ஆளைப் பாருங்கள், குரலைக் கேளுங்கள். உங்களுக்கே ஒரு நாள் வேலையில் அடிபட்டால், மேலாளருக்கோ சக தொழிலாளருக்கோ பொலிசுக்கோ பயந்து கதையை மாற்றாதீர்கள். டொக்டர் மருந்து போடுவது நீங்கள் சொல்லுகிற கதைக்குத்தான். இன்னொன்று, விபத்து நடக்காததற்குப் பரிசு என்று தொடங்கினால், அது மெல்ல மெல்ல விபத்தைச் சொல்லாததற்குப் பரிசாகிவிடும். அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லி நான் எழுதியும் கொடுத்தேன், வாயாலும் சொன்னேன். இன்னும் தொங்குகிறது. இனி அது உங்கள் பாடு.

கிருஷாந் திரும்பி வந்த நாளைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கப்பலுக்குப் போக வேண்டிய சேட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன, மனேஜர் தானே அயன் பகுதிக்கு இறங்கி வந்து நின்றார். நான் தேத்தண்ணியும் கையுமாக எட்டிப் பார்த்தேன். கிருஷாந் தன் மேசைக்கு வந்தான், கையுறையைப் போட்டான், ஒரு சேட்டை விரித்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என்ன தம்பி, கை நோகுதோ?” என்றார் மனேஜர்.

“இல்லை சேர். இந்தக் குழாய் மூட்டைக் கடைசியா ஆர் பாத்தது?”

“எல்லாம் புதுசு.”

“புதுசு எண்டு தெரியும் சேர். ஆர் பாத்தது எண்டுதான் கேக்கிறன்.”

மனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிருஷாந் அசையவில்லை. பக்கத்து மேசையில் செல்வம் அண்ணை எட்டித் தன் பக்கத்து நீராவி வால்வை மூடினார். அதற்கடுத்த மேசைக்காரி அவரைப் பார்த்தாள், தன்னுடையதையும் மூடினாள். அப்படியே வரிசையாகச் சீறல் அடங்கிக்கொண்டு போனது. அந்தப் பகுதியில் மின்விசிறிச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

“மெக்கானிக்கை வரச் சொல்லுங்கோ” என்றார் மனேஜர்.

மெக்கானிக் குழாய்க்குக் கீழே நுழைந்து வேலை செய்ய இடம் வேண்டுமே என்று, கிருஷாந் தன் மேசையை மடங்காத விரல்களாலேயே பிடித்து ஓரமாக இழுத்து வைத்தான்.